தலைப்பிரசவம்: நர்சம்மாவின் அட்டையும் பாட்டியின் பஞ்சாங்கமும்

"நாள் தள்ளிப் போயிருக்கும்மா" என்று மகள் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையிலிருந்து உத்தரவு வந்துவிடும்: "மூணு மாசம் முடியட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாதே." நாத்தனாருக்குத் தெரியக் கூடாது, மாடிவீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழிக்குக்கூடத் தெரியக் கூடாது. கண் பட்டுவிடும்.

கண்ணேறு கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த வழக்கத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைந்துபோகின்றன. அவற்றில் பெரும்பகுதி முதல் 12 வாரங்களுக்குள் நடந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி கருவின் குரோமோசோம்களில் ஏற்படும் கோளாறுதான் காரணம். பெண் தண்ணீர்க்குடம் தூக்கியதாலோ, ஸ்கூட்டரில் போனதாலோ கரு கலைவதில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் அந்தத் துக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கும் கொடுமையிலிருந்து பெண்ணைக் காப்பாற்றவாவது இந்த மௌனம் உதவுகிறது.

சிக்கல் வேறு இடத்தில். கருத்தரித்த 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும் அப்போது. அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததுமே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கிவிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த வகை என்று பார்க்க வேண்டியவை பலவும் இந்த முதல் மூன்று மாதத்திலேயே வருகின்றன. ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம். நர்சம்மாவுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரைத்தான் ஊரில் நர்சம்மா என்பார்கள். நகரங்களில் அதே வேலையை நகர்ப்புற சுகாதார செவிலியர் செய்கிறார். 12 வாரத்துக்குள் அவரிடம் பதிந்துகொண்டால் 'பிக்மி' எனப்படும் அரசின் இணையப் பதிவேட்டில் பெண்ணின் விவரம் ஏறும். 12 இலக்கத்தில் ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்க 2017 முதல் இந்த எண் கேட்கப்படுகிறது. தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிற பல குடும்பங்களுக்கு இந்தச் செய்தி எட்டாம் மாதத்தில்தான் தெரியவருகிறது. "நாங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போகலையே, எங்களுக்கு எதுக்கு?" என்ற கேள்விக்கு விடை இதுதான்: எங்கே பிரசவம் பார்த்தாலும் எண் வேண்டும்.

பதிவோடு சேர்ந்து வருவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்கள் வரை மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்குப் பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் முதலியவை அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-ல் சட்டசபைக்குப் போன முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் இன்று பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தவணைப் பணத்தின் மூலமே அறிமுகமாகிறது.

அடுத்தது தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி நர்சம்மா அட்டையில் ஒரு நாளை எழுதித் தருவார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நேகலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் கணக்கு இது. மொத்தம் 280 நாள், நாற்பது வாரம். வீட்டில் அந்தத் தேதியைச் சுவர் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிடுகிறார்கள். அந்த நாள் பிறந்ததிலிருந்து "இன்னும் வலி வரலியா?" என்று உறவினர்கள் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்குவார்கள். சொன்ன தேதியில் பிறப்பது நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான். 37 வாரம் நிறைந்தபின், 42 வாரத்துக்குள் எப்போது வந்தாலும் நிறைமாதக் குழந்தையே.

மசக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பது பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நான்காம் மாதத்தில் தணிகிறது. தாளிக்கிற வாசனையே ஆகாது. காலையில் பல் துலக்கினால் குமட்டும். "நாங்களும்தான் பெத்தோம், இப்படியா படுத்துக்கிட்டோம்?" என்ற மாமியாரின் கேள்வி அதைவிடக் குமட்டும். அந்தக் கேள்விக்கு அறிவியலில் இப்போது ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. மார்லினா ஃபெய்சோ என்ற அமெரிக்க மரபியல் ஆய்வாளர் 1999-ல் கடுமையான கர்ப்பகால வாந்தியால் தம் கருவை இழந்தார். அவர் பட்ட பாட்டை மருத்துவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் தம் ஆராய்ச்சியையே அதன் பக்கம் திருப்பினார். அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி குழுவினரும் 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு இது: கருவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து ஜி.டி.எஃப்-15 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தாயின் மூளைத்தண்டில் போய் வாந்தியைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோன் உடலில் அதிகமாக இருந்த பெண்ணுக்கு அது பழகிப்போயிருக்கும், அவ்வளவாகப் பாதிக்காது. குறைவாக இருந்தவளைத்தான் படுக்கையில் தள்ளுகிறது. ஆக, மாமியாருக்கு மசக்கை லேசாக இருந்ததும் மருமகளுக்குக் கடுமையாக இருப்பதும் உடம்புவாகு. தைரியமோ செல்லமோ அல்ல.

காய்ந்த ரஸ்க்கோ பொரியோ கொறித்துவிட்டு மெதுவாக எழுவது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவது, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் ஓரளவு கைகொடுக்கும். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் அது மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலை. அதையும் மசக்கை என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

இன்னொரு ரகசியமும் உண்டு. பூஜை அறை விபூதி தட்டில் குறைந்துகொண்டே வரும். பச்சரிசி டப்பாவில் கை போகும். மழை பெய்த மண்வாசனைக்கு நாக்கு ஊறும். கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். "வயித்துப் பிள்ளை கேக்குது" என்பார்கள் பெரியவர்கள். உண்மையில் கேட்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதத்தை எட்டிவிட்ட மாநிலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ரத்தம் போதாமலே பிரசவ அறைக்குள் போகிறார்கள். இது கவலைப்பட வேண்டிய முரண்பாடு.

மாத்திரை இல்லாமல் இல்லை. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகவே தருகிறது. வாங்கிப் போன மாத்திரை பீரோவில் தூங்குகிறது. மலம் கறுத்துப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது. போதாக்குறைக்கு "கறுப்பு மாத்திரை தின்னா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மலம் கறுப்பது உறிஞ்சப்படாமல் மிஞ்சிய இரும்பால். குழந்தையின் நிறம் அம்மா அப்பாவின் மரபணுக்களால் அமைவது. மாத்திரை கறுப்பாக்காது, பாலில் போடும் குங்குமப்பூவும் சிவப்பாக்காது. குங்குமப்பூ விற்பவருக்குத்தான் லாபம். மாத்திரை போட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் கூடவே விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்பதும் அளவோடுதான். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி போதும் என்கிறது ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி சுண்டல் இருந்தாலே அந்தக் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடும். பப்பாளியைப் பொறுத்தவரை பாட்டி சொல்வதில் பாதி சரி: பால் வடியும் காயை ஒதுக்கிவிடலாம். நன்கு பழுத்த பழம் அளவாகச் சாப்பிட்டால் கெடுதல் செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சர்க்கரைப் பரிசோதனை விஷயத்தில் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. வெறும் வயிற்றோடு வா, மூன்று முறை ரத்தம் கொடு என்றால் பேருந்து ஏறி ஆரம்ப சுகாதார நிலையம் வரும் கர்ப்பிணிக்கு ஆகிற காரியமா? சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இதற்கு எளிய வழியை முன்வைத்தார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. தமிழ்நாடு 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பிறகு தேசிய வழிகாட்டுதலே இந்த முறைக்கு வந்தது. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10 தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

ஸ்கேனில் தவறவிடக் கூடாதவை இரண்டு: 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளை முழுமையாகப் பார்க்கும் ஒன்று. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டாவது ஸ்கேன் சமயத்தில்தான் தலைச்சன் பிள்ளைக்காரிக்கு முதல் அசைவு தெரியவரும். வாயு புரளுகிறதா, குழந்தை புரளுகிறதா என்று முதலில் குழப்பமாக இருக்கும். பிற்பாடு அந்த அசைவே தாய்க்கு நம்பகமான தகவல். வழக்கத்தைவிடக் குறைந்தால் மறுநாள் வரை பொறுத்திருக்கக் கூடாது.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று சித்ரான்னங்கள் மணக்க, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து முடிப்பார்கள். வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்கட்டும் என்று அங்கன்வாடித் துறை சார்பில் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு வளையலோடு சத்துணவு பற்றியும் நாலு வார்த்தை சொல்லி அனுப்புகிறார்கள். வளையல் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள். ஆறாம் மாதத்துக்கு மேல் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்குவது உண்மை. ஆனால் வயிற்றைத் தாண்டி உள்ளே நன்றாகப் போவது தாழ்ந்த ஒலிகள்தான். வளையலின் கிணுகிணுப்பைவிட அம்மாவின் பேச்சுக்குரலே அதற்குத் தெளிவாக எட்டும்.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது அருமையான வழக்கம். வேலை செய்யச் சொல்ல யாரும் இல்லாத, கூச்சமில்லாமல் காலை நீட்டிப் படுக்கக்கூடிய வீடு அது. ஆனால் மருத்துவக் கண்ணால் பார்த்தால், மிக நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டிய நேரத்தில் மருத்துவரும் மாறுகிறார், ஊரும் மாறுகிறது. 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டிச் சிறுநீரில் புரதம் போகும் நோய்க்கு முதல் கர்ப்பமே ஒரு காரணி. முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி ஆகியவை அதன் அறிகுறிகள். கால்வீக்கத்தைப் "புள்ளத்தாச்சிக்கு நீர் கோக்கத்தான் செய்யும்" என்று எல்லாரும் கடந்துபோகும் ஊரில், ஆறு மாதமாக ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பது புது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீர்வரிசைத் தட்டுகளோடு ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் தாய் சேய் நல அட்டையும் ஒரே பைலில் வண்டி ஏற வேண்டும். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் நர்சம்மாவையும் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும்.

குழந்தைக்கென்று முன்கூட்டி எதுவும் வாங்கக் கூடாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. கடைக்காரர்கள் வருத்தப்படுவார்களே தவிர, குழந்தைக்கு இதனால் நஷ்டமில்லை. பிறந்த குழந்தைக்கு வேண்டியது நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டியும் சேலையும்தான். புதுத்துணியின் கஞ்சி மொடமொடப்பு அந்தத் தோலுக்கு ஆகாது. பெரியம்மா பிள்ளை போட்ட சட்டை நாலு, தூளி கட்ட அம்மாவின் நூல் சேலை ஒன்று, தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், ஆதார், வங்கிப் புத்தகம். 36-ம் வாரத்தில் பை தயாராகிவிட வேண்டும்.

பொருளைவிட முக்கியம் ஆள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் வண்டி யாருடையது? அரசின் 108 எப்போதும் உண்டு. அரசு மருத்துவமனையில் பிரசவம் முடிந்து தாயையும் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட 102 வண்டி இலவசம். அதே வகை ரத்தம் கொடுக்க இரண்டு பேர் யார்? பிரசவ அறைக்குள் கூட நிற்பது யார்? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். பக்கத்தில் தொடர்ந்து ஒருவர் இருந்தால் வலி நேரம் குறைகிறது, அறுவைக்குப் போவதும் குறைகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 2017 சட்டத்திருத்தத்தின்படி 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். தனியார் துறையில் தந்தைக்குச் சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. இருக்கிற விடுப்பை வளைகாப்பு மேடைக்குச் செலவழிக்காமல் பிரசவத்துக்குச் சேர்த்து வைப்பது கணவர்களுக்கு நல்லது.

கடைசி வாரங்களில் வலி வந்து வந்து போகும். "சூட்டு வலி, சீரகத் தண்ணி குடி" என்பார்கள். குடித்துவிட்டு நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிட்டால் அது சூட்டு வலிதான். நேரம் ஆக ஆக இடைவெளி சுருங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இடுப்பிலிருந்து முன்னே வந்தால் கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. தலைப்பிரசவம் 12 மணி நேரத்துக்கு மேல் நீள்வது சாதாரணம்.

அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் பொறுமைதான் முதலில் தீர்கிறது. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம் என்கிறது அதே 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. மருத்துவமனைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜோதிடரிடம் நட்சத்திரமும் லக்னமும் குறித்து வாங்கிவந்து "இந்த மணிக்கு எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்கும் குடும்பங்களும் இந்தக் கணக்கில் பங்காளிகள். தேவைப்படும்போது சிசேரியன் உயிர் காக்கும். பஞ்சாங்கம் அதற்கான தேவை ஆகாது. எதிர்த்திசையில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில், ஆசிரியையான இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். பிள்ளை பெற்றபின் ரத்தப்போக்கு நிற்காமல் போனால் மருத்துவமனைக்கு ஓடக்கூட நேரம் இருக்காது என்பதுதான் வீட்டுப் பிரசவத்தின் ஆபத்து.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சிசேரியன் ஆனாலும் அப்படித்தான். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பால்தான் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோய்த்தடுப்பு. ஆனால் மருத்துவமனைப் பிரசவம் ஏறக்குறைய நூறு சதவீதமான இந்த மாநிலத்தில் அந்த முதல் மணி நேரத்தில் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதம்தான். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது இன்னும் நடக்கிறது. குணம் விரல் வழியாக இறங்காது, கிருமி இறங்கும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தசைகளையே முடக்கிப்போடும். சேனை வைக்க ஆசைப்படும் தாத்தா பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்சிவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் நான்காம் நாள் பெண் காரணமில்லாமல் அழுவாள். பத்தியச் சாப்பாடு, பால் கட்டிய மார்பு, தையல் வலி, தூக்கமில்லாத இரவு, "பால் பத்தலையோ" என்று ஆளுக்கொரு சந்தேகம், எல்லாம் சேர்ந்து வரும் அழுகை அது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீண்டால், குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால், அது நோய். மருந்தும் பேச்சும் உண்டு. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இதற்கிடையே வீட்டில் பெயர்ச் சண்டை தொடங்கியிருக்கும். தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா, எண்கணிதம் சொல்லும் எழுத்தா என்று மாதக்கணக்கில் நீளும். அது முடியட்டும் என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.